அடியில் தங்கிய மருந்து

சடையன் செத்ததற்குக் காரணம் நான். பழியைச் சுமந்தவள் அவன் மனைவி. சுமக்கட்டும் என்று விட்டவனும் நானே.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது துணிவு வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். உங்கள் முகம் எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கொல்லிமலை அடிவாரத்துச் சிறு ஆஸ்பத்திரி ஒன்றில் நான் கம்பவுண்டர். மலைக்காரர்கள் நோயாளியைத் தூளி கட்டிச் சுமந்து காரவள்ளிப் பாதை வழியாக இறங்கி வருவார்கள். சற்றுத் தேறியதும் ஒரு புட்டி மருந்தோடு மேலே ஏறிப் போவார்கள். போனபின் அதை எப்படிக் குடிக்கிறார்கள் என்று பார்க்க ஆளில்லை. ஆகவே டாக்டர் ஐயா ஒரு கட்டளை இட்டிருந்தார். வயதானவர்களுக்கு மருந்து கொடுத்தால் கம்பவுண்டரே செய்து காட்டி, அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லக் கேட்டபின்தான் அனுப்ப வேண்டும்.

சடையனுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். நெஞ்சு பலவீனம், காலில் நீர். எங்களிடம் சில வாரம் படுத்திருந்து வீக்கம் வடிந்தது. அவனுக்குக் கொடுத்தனுப்பிய மருந்தில் கரையாத பொடி ஒன்று உண்டு. ஒவ்வொரு வேளையும் குலுக்கிக் குடிக்க வேண்டும். குலுக்காவிட்டால் மேலே வெறும் தண்ணீர் நிற்கும். அத்தனை வீரியமும் அடியில் போய்த் தங்கிவிடும். அதை ஒரே வேளையில் குடித்தால் நஞ்சு.

அன்று சந்தை நாள். ஆஸ்பத்திரியில் கால் வைக்க இடமில்லை. சடையனின் மனைவி வெள்ளச்சி ஒரே கேள்வியை மூன்றாம் முறையாகக் கேட்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தன தாட்டிங்க சாமி?"

எனக்கு எரிச்சல் மூண்டது. புட்டியின் பக்கத்தில் அளவுக்காக வெட்டி ஒட்டியிருந்த காகிதப் பட்டையை விரலால் தட்டினேன். "காலைல ஒரு கோடு, சாயங்காலம் ஒரு கோடு. மிச்சமெல்லாம் சீட்டுல எழுதியிருக்குது. போங்க."

'குலுக்கிக் குடிக்கவும்' என்று சீட்டில் அழகாக எழுதித்தான் இருந்தேன். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது... அது எனக்குத் தெரியும்!

பத்தாம் நாள் அவள் தனியே வந்தாள். புட்டிகளுக்குத் தட்டுப்பாடு, மருந்து தீர்ந்தால் திருப்பித் தந்துவிட வேண்டும். கழுவித் துடைத்த புட்டியை மேசைமேல் வைத்தாள். "அவரு போயிட்டாருங்க" என்றாள்.

மருந்தை எப்படிக் கொடுத்தாள் என்று டாக்டர் ஐயா மெல்லக் கேட்டார்.

"தேனு வெக்கற மாதிரி ஆட்டாம அசைக்காம வெச்சு, மேலால தெளிவா ஊத்திக் குடுத்தனுங்க. காலு மறுக்கா வீங்கிக்கிச்சு. கடைசில அடியில மண்டி நின்னுச்சுங்க. தேனுன்னா மண்டியக் கொட்டிப்போடுவோம். இது மருந்தாச்சே, வீணாக்க வேண்டாம்னு தண்ணி ஊத்திக் கலக்கி மொத்தமாக் குடுத்துட்டனுங்க. வாந்தி நிக்கவே இல்லீங்க..."

மலையில் தேனை அப்படித்தான் பக்குவம் செய்வார்கள். தனக்குத் தெரிந்த அக்கறையையெல்லாம் அந்தப் புட்டியிடம் காட்டியிருக்கிறாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "குலுக்கச் சொன்னாயா?"

"சொன்னேனுங்க ஐயா. இந்தம்மா திருப்பியும் சொன்னாங்க."

எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்! வேலை போய்விடும் என்ற பயம். வேறு காரணம் தேடாதீர்கள். வெள்ளச்சி என்னைப் பார்த்தாள். அவள் மறுத்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனோ...? எனக்கே தெரியவில்லை.

"சாமி சொல்லியிருப்பாங்க. எனக்குத்தான் புத்தி மழுங்கிப்போச்சு" என்றாள்.

அதன்பின் எந்த நோயாளியையும் திருப்பிச் சொல்ல வைக்காமல் நான் அனுப்பியதில்லை. டாக்டர் ஐயா மெச்சினார். அதையும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

மறு வருஷம், மிளகுச் சந்தைக்கு வந்தவள் ஆஸ்பத்திரிக்குள்ளும் வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். மகன்கள் அவள் கையால் சோறு வாங்கித் தின்பதில்லை என்று மலைக்காரர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார்.

"ஒண்ணு கேக்கோணுங்க சாமி. குலுக்கோணும்னு அன்னிக்கு எப்பச் சொன்னீங்க? நானும் ரோசன பண்ணிப் பண்ணிப் பாக்கறேன். நெனப்புக்கே வரமாட்டீங்குது."

'சொல்லவில்லை அம்மா.' இரண்டே சொற்கள். நாக்கு நுனிவரை வந்தன... மேசைக்கு அப்பால் டாக்டர் ஐயா அமர்ந்திருந்தார்.

"புட்டியக் கையில குடுக்கறப்பச் சொன்னேனுங்க. இப்படி ஆட்டியும் காட்டினேன்" என்று, வெறுங்கையைக் குலுக்கிக் காட்டினேன்.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகத் தலையசைத்தாள்.

"ஆமாங்க சாமி. இப்ப நெனப்பு வந்துருச்சு."

மிளகுக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நடக்காத ஒன்றை அவள் நினைவில் நானே வைத்து அனுப்பினேன். கூப்பிடு தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை...