புது டிரைவர் மேல் விழுந்த பழி

விஜயதசமி அன்று காலை. ஆயுத பூஜைக்கு வைத்த பொரியில் மிச்சம் இருந்ததைக் கொறித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. துண்டில் சுற்றிய லேப்டாப்போடு மஞ்சுளா இறங்கினாள்.

மஞ்சுளாவுக்கு ஊர் நைனார்பாளையம். கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் பல வருஷம் நின்றபடியே வேலை பார்த்தவள். கால் வலி தாங்காமல் அதை விட்டுவிட்டு வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டாள். செகண்ட் ஹேண்டில் நல்ல லேப்டாப் ஒன்றும் வாங்கினாள். அதில் லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக்கொடுத்த புண்ணியவதி யார்? காபி குடிக்க வந்தவர்களிடம்கூட லினக்ஸ் பெருமை பேசி அனுப்புகிற நான்தான்!

“இன்னா மஞ்சு, பண்டிகை நாளும் அதுவுமா?”

“ஸ்கிரீனு இருண்டு போச்சுக்கா! உள்ள எல்லாம் ஓடுது, சத்தம் வருது... ஒண்ணியும் தெரியல.” சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

லேப்டாப்பில் இருந்தது அவளுடைய முதல் சொந்த ஆர்டர். கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம் நடந்த கல்யாணம். மாப்பிள்ளை அன்று சாயங்காலமே வெளிநாடு கிளம்புகிறார். முடித்து வைத்த வீடியோவைப் பென் டிரைவில் போட்டு, மத்தியான பஸ்ஸில் மலைக்குக் கொண்டுபோயாக வேண்டும்.

“இது சொதப்புச்சுன்னா இனிமே எவங்க்கா ஆர்டர் குடுப்பான்? மறுபடியும் அந்தக் கடையிலயே போய் நிக்க வேண்டியதுதான்.”

ரிப்பேர் பார்க்கிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். “கடைசியா இன்னா பண்ணே?”

எல்லோரும் சொல்கிற பதிலையே அவளும் சொன்னாள். “நான் ஒண்ணுமே பண்ணலக்கா. நேத்து காலைல அப்டேட் கேட்டுச்சு, குடுத்தேன். சாயங்காலம் பூஜை போட்டேன். பூஜை போட்டதை இன்னிக்கு காலைல வரைக்கும் தொடவே இல்ல.”

அப்டேட்! எனக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? அதற்கு மேல் எதையும் விசாரிக்கவில்லை. கிராபிக்ஸ் டிரைவர்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை. படம் காட்டுகிற சிப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று பேசுகிற சாஃப்ட்வேர் — கல்யாணத் தரகர் மாதிரி. தரகர் சொதப்பினால் இரண்டு வீடும் முகம் திருப்பிக்கொள்ளும் இல்லையா?

லினக்ஸில் ஒரு நல்ல விஷயம் உண்டு. புதுசு வந்தாலும் பழசைத் தூக்கிப் போடாது. ஆரம்ப மெனுவில் அதற்கும் ஓர் இடம் வைத்திருக்கும். ரீஸ்டார்ட் செய்தேன். மெனு பளிச்சென்று தெரிந்தது. பழசைத் தேர்ந்தெடுத்துவிட்டு, “இப்ப பாரு!” என்றேன் பெருமையாக.

டெஸ்க்டாப் வந்தது... மெல்ல மெல்ல மங்கியது. மறுபடியும் இருட்டு.

அட! முந்தாநாள் வரை ஒழுங்காக ஓடிய அதே பழைய டிரைவர்தானே? அப்படியென்றால் புதுசு மேல் என்ன தப்பு? பிரைட்னஸ் பட்டனை அழுத்தினேன். வெளிச்சம் ஏறியது. கையை எடுத்ததும் தானாக இறங்கியது. பஸ் நேரம் ஒரு பக்கம் மிரட்டினாலும், எனக்குள் ஆர்வம் அரிக்க ஆரம்பித்துவிட்டது. யார் குறைக்கிறார்கள் இதை?

வேறு ஸ்கிரீனில் மாட்டிப் பார்க்கலாம் என்றால் என்னிடம் கேபிள் இல்லை. கடைகள் பூட்டியிருந்தன. சரி, படம் உள்ளே மங்கலாகவாவது இருக்கிறதா என்று பார்க்க செல்போன் டார்ச்சை ஸ்கிரீன் மேல் அடித்தேன்.

ஸ்கிரீன் பிரகாசமானது!

டார்ச்சை அணைத்தேன். இருண்டது. அடித்தேன். வெளுத்தது.

“இன்னாக்கா, விளையாடிக்கினு கீறீங்க?” மஞ்சுளாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

டார்ச்சை மெல்ல மேலே நகர்த்தினேன். ஸ்கிரீனுக்கு மேலே, கேமராவுக்குப் பக்கத்தில்... சந்தனம். அதன் நடுவே குங்குமம். அம்சமான பூஜைப் பொட்டு!

இவள் லேப்டாப்பில் அந்த இடத்தில் கடுகளவு ஒரு சென்சார் இருக்கிறது. அறை வெளிச்சத்தைப் பார்த்து ஸ்கிரீனைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை. அதன் கண்ணைச் சந்தனத்தால் மூடினால்? நடு ராத்திரி என்று நினைத்துக்கொண்டது, பாவம். டார்ச் வெளிச்சம் மட்டும்தான் சந்தனத்தைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது.

“கேமரா மறைஞ்சிடக் கூடாதுன்னு தள்ளித்தாங்க்கா வெச்சேன்!” என்றாள் மஞ்சுளா.

“சரி, துடை.”

“ஐயய்யோ! நல்ல நாள் அதுவுமா பொட்ட அழிக்கறதா?”

பஸ்ஸா, பொட்டா? ஒரு நிமிஷம் யோசித்தாள். லேப்டாப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஈரத் துணியால் பொட்டைத் துடைத்தாள். என் பூஜை அலமாரியிலிருந்து சந்தனம் எடுத்து மூடியின் வெளிப்பக்கம் புதுசாக ஒன்று வைத்தாள். திறந்தாள். ஸ்கிரீன் ஜொலித்தது. எனக்கே கை தட்டத் தோன்றியது. வீடியோவைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

அவள் போன பிறகு யோசித்தேன். வீட்டுக்கு மருமகள் வந்த வாரம் மிக்ஸி ரிப்பேரானால் மருமகள். ஆபீஸில் மேனேஜர் மாறிய மாதம் ஏசி நின்றால் மேனேஜர். புதுசாக வந்தவர் மேல் பழி போடுவதில் நமக்குத்தான் எத்தனை வேகம்! பூஜை போட்டேன் என்று மஞ்சுளா முதலிலேயே சொன்னாள். நான்தான் அப்டேட்டோடு காதை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் மலையிலிருந்து போன் வந்தது.

“குடுத்துட்டேங்க்கா! எல்லாருக்கும் ரொம்பப் புடிச்சுது. பொண்ணோட அம்மா மட்டும், வீடியோ கொஞ்சம் இருட்டா கீதேன்னாங்க.”

“அப்புறம்?”

“எழுந்து போயி அவங்க டிவியப் பாத்தேங்க்கா... அதுக்கும் பொட்டு வெச்சிருந்தாங்க!”