அழுத்திக் குத்திய ஓட்டுகள்

மில்லுக்காரம்மாவுக்கு அரசியலும் தெரியாது, அரசியல் பேசுகிறவர்களைக் கண்டாலும் ஆகாது. மாவு மில் ஓடும்போது யார் என்ன பேசினாலும் காதில் விழாது, அதுவே பெரிய நிம்மதி என்பார். அப்படிப்பட்டவர் கிராமத் தலைவர் தேர்தலில் நின்றதற்கு ஒரே காரணம், தெருக்கோடியில் இருந்த குப்பைமேடு. ஊர்க் குப்பை முழுவதையும் லாரியில் கொண்டுவந்து அங்கே கொட்டி, கொளுத்தியும் விட்டுப் போவார்கள். புகை நேராகத் தெருவுக்குள் வரும். அவருடைய ஒரே மகளுக்கு மூச்சிரைப்பு. ஜன்னலை எல்லாம் அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துணியைச் செருகி வைத்தாலும் அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கும். "இன்னும் கொஞ்ச வருஷம் இந்தப் புகையில இருந்தா நுரையீரல் தாங்காதும்மா" என்று டாக்டர் குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்றால், குப்பைமேட்டை ஒட்டிய வீட்டை எந்தப் புண்ணியவான் வாங்குவான்?

குப்பை லாரிகளின் காண்ட்ராக்டரே தலைவர் பதவிக்கு நின்றார். அதைக் கேட்டதும் மில்லுக்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குப்பையைக் கொட்டுறவன்கிட்டயே போய்க் குப்பையை எடுன்னு கெஞ்சணுமா? நானே நிக்கிறேன்" என்று மாவு ஒட்டிய கையோடு மனுத் தாக்கல் செய்யக் கிளம்பிவிட்டார். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் தெருவே பின்னால் வந்தது. பக்கத்து வீட்டு டெய்லர் அக்கா தையல் மிஷினை மூடிவைத்துவிட்டு அவரோடு வீடு வீடாக ஏறி இறங்கினார்.

மில்லுக்காரம்மாவுக்குச் சாவி சின்னம், காண்ட்ராக்டருக்குக் குடை. ஓட்டுச்சீட்டில் சாவி மேலே, குடை கீழே. மில்லுக்காரம்மாவுக்கு இரண்டு பயம் இருந்தது. முத்திரை மங்கலாக விழுந்தால் செல்லாது என்று சொல்லிவிடுவார்களோ என்பது ஒன்று. தெருவில் பாதிப் பேர் லாரியில் வேலை பார்க்கிறவர்கள், அவர்கள் யாருக்குக் குத்தினார்கள் என்று காண்ட்ராக்டரின் ஆட்கள் எட்டிப் பார்த்துவிடுவார்களோ என்பது இன்னொன்று. அதனால் போகிற வீட்டில் எல்லாம் ஒரே பாடம் நடத்தினார்.

"மையில நல்லா ஒத்தி, அழுத்திக் குத்துங்க. குத்தின கையோட மடிச்சிடுங்க. ஈ காக்காய்கூடப் பார்க்கக் கூடாது."

ஜனங்கள் சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். யார் சொல்லியும் கேட்காத அந்தத் தெரு, ஆயுசில் முதல் தடவையாக ஒருவர் சொன்னதை அப்படியே கேட்டது. அதுதான் வினையாகிப் போனது.

ஓட்டு எண்ணியது பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் மில்லுக்காரம்மா, வலையோரத்து மேசையில் அவருடைய ஏஜென்டாக வீட்டுக்காரர். அவர்கள் தெருவின் பெட்டியைத் திறந்ததும், அதிகாரி ஒரு சீட்டை விரித்துப் பார்த்தார். "சாவியிலும் குத்து, குடையிலும் குத்து. ரெண்டு குத்து. செல்லாது" என்று ஓரமாகப் போட்டார். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்து நாலு சீட்டு தள்ளி மறுபடியும். மில்லுக்காரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"நம்ம தெருப் பெட்டிதானேங்க?" என்று வலை வழியாகக் கேட்டார்.

"நம்ம பெட்டிதான்" என்றார் வீட்டுக்காரர், தலையைத் தூக்காமலே.

காண்ட்ராக்டரின் கூலியும் போகக் கூடாது, என் மனசும் நோகக் கூடாது, அதனால் இரண்டிலும் குத்தித் தொலைத்திருக்கிறார்கள் என்று மில்லுக்காரம்மா நினைத்தார். தகராறு செய்தால் அதிகாரி அந்தச் சீட்டுகளை எல்லோர் எதிரிலும் தூக்கிக் காட்டுவார். தன் ஜனங்களின் இரட்டை வேஷம் ஊர் சிரிக்க வெளியே வரும். அந்த அவமானத்துக்குத் தோற்பதே மேல் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கையெழுத்துக் கேட்ட இடத்தில் வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்தார். செல்லாது என்று தள்ளியவை முப்பதுக்கு மேல். காண்ட்ராக்டர் ஜெயித்தது பதினொரு ஓட்டில்.

அதற்குப் பிறகு மில்லில் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அரைக்க வந்தவர்களுக்கு அரைத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். தோற்ற துக்கம் என்று தெரு நினைத்துக்கொண்டது. "அடுத்த தடவை பாத்துக்கலாம்டி" என்று டெய்லர் அக்கா தோளைத் தொட்டபோதுகூட, நீ எத்தனை குத்து குத்தினாயோ என்றுதான் அவர் மனதில் ஓடியது.

மகளுக்கு ஒருநாள் இழுப்பு அதிகமாகி, வாயோரம் நீலம் பாரித்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் வீட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல் அவரை ஒரு வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனார். வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டார்.

"குடையில இருந்த குத்து எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் மங்கலா இருந்த மாதிரிதான் இருந்துச்சு சார்" என்றார் வீட்டுக்காரர்.

வக்கீல் தன் ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றி, ஒரு காகிதத்தின் மேல்பாதியில் அழுத்திக் குத்தினார். உடனே மடித்தார். பிரித்துக் காட்டினார். கீழ்ப்பாதியில் அதே முத்திரை, மங்கலாக, தலைகீழாக.

மில்லுக்காரம்மா அந்தக் காகிதத்தை வாங்கி மறுபடி மடித்துப் பிரித்துப் பார்த்தார். அழுத்தச் சொன்னது யார்? உடனே மடிக்கச் சொன்னது யார்? அந்த அலுவலகத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து, மூக்கு ஒழுக அழுதார்.

"மடிப்புல ஒட்டின மைக்காக ஓட்டைத் தள்ளக் கூடாதும்மா. அது நமக்குப் பலமான காரணம்" என்றார் வக்கீல். "ஆனா கோர்ட் லேசுல மறு எண்ணிக்கைக்கு உத்தரவு போடாது. கொஞ்ச ஓட்டு வித்தியாசம்தான், சந்தேகமா இருக்குன்னு போய் நின்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. எந்தப் பெட்டி, எத்தனை சீட்டு, தள்ளினது ஏன் தப்பு, எல்லாத்தையும் புட்டுப் புட்டு வைக்கணும். அப்பவே ஏன் எழுதிக் கொடுக்கலைன்னுதான் முதல்ல கேப்பாங்க."

"குத்தினவங்களையே கூட்டிட்டு வந்து சொல்லச் சொன்னா?"

"யாருக்குப் போட்டேன்னு கோர்ட்டுலகூட யாரையும் சொல்ல வைக்க முடியாது. ஓட்டு ரகசியம், ரகசியம்தான்."

மை ஒட்டிய கதையைத் தெருவுக்கு வந்து சொன்னார். தெருவைத் தப்பாக நினைத்ததை மட்டும் மறைத்துவிட்டார். தெரு துள்ளியது. வழக்கும் போட்டாயிற்று. அவர் கூண்டில் ஏறிய அன்று வேலைக்குப் போகாமல் பஸ் பிடித்து வந்து, கோர்ட்டின் பின் பெஞ்சுகளை நிறைத்து உட்கார்ந்தார்கள்.

காண்ட்ராக்டரின் வக்கீல் பேச்சில் சர்க்கரை கொட்டியது.

"அம்மா, எண்ணும்போது நீங்க அங்கேயே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"செல்லாதுன்னு தள்ளினதையும் பார்த்தீங்க?"

"பார்த்தேன்."

"ஆனா வாயைத் திறக்கல. ஏன்?"

சட்டம் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பயமாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, நாக்கு வேறு எதற்கும் புரளவில்லை.

"எங்க தெரு ஜனங்கதான் ரெண்டு பக்கமும் குத்திட்டாங்கன்னு நினைச்சேன்."

"ஆக, ரெண்டு குத்து இருந்ததா நீங்களே நம்புனீங்க. நன்றி அம்மா, வேற கேள்வி இல்லை."

அவருடைய வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. திரும்பிப் பார்க்கும் தைரியம் வந்தபோது பாதி பெஞ்சு காலி. திரும்பும் பஸ்ஸில் யாரும் அவரோடு பேசவில்லை.

தீர்ப்பு நாளில் மகளுக்குத் துணையாக வீட்டுக்காரர் வீட்டிலேயே தங்கிவிட்டார். கூட வந்தது டெய்லர் அக்கா மட்டும்தான். மனுதாரர் நேரில் இருந்தும் ஆட்சேபிக்கவில்லை, இரண்டு முத்திரை இருந்ததாக அவரே நம்பியிருக்கிறார், மை ஒட்டியது என்பது பிறகு தோன்றிய எண்ணம், வாக்கின் ரகசியத்தைக் கலைத்துப் பெட்டியைத் திறக்க இது போதாது, மனு தள்ளுபடி என்று நீதிபதி வாசித்து முடித்தார். அந்தச் சீட்டுகள் அரசாங்க அறை ஒன்றில் சீல் வைத்துப் பத்திரமாகத்தான் இருக்கின்றன. திறந்தால் அரை மணியில் தெரிந்துவிடும். திறக்கக் கூடாததற்குக் காரணம் பேசித்தான் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் வக்கீல். "ஆனா நீங்க சொன்ன சாட்சியும் கூடவே வரும்மா" என்றும் சொன்னார்.

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மகளை அடுத்த வாரமே வெளியூரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான் என்று மில்லுக்காரம்மா மனதுக்குள் முடிவு செய்துகொண்டிருந்தார். இனி அவளை எப்போதாவதுதான் பார்க்க முடியும். பாதி வழியில் டெய்லர் அக்கா வாயைத் திறந்தார்.

"எங்க மாமியாரு எழுந்து நடந்தே ரெண்டு வருஷமாச்சு. ஓட்டு அன்னைக்கு நாற்காலியில வெச்சுத் தூக்கிட்டுப் போனோம். கை நடுங்குதுன்னு ரெண்டு கையாலயும் பிடிச்சு அழுத்தினாங்களாம், நீ சொன்னியேன்னு. வந்து எங்ககிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க."

மில்லுக்காரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவங்களையும் சேர்த்துத்தான் அப்படி நினைச்சியா?"

இல்லை என்று சொல்லலாம். இங்கே கூண்டும் இல்லை, சத்தியமும் இல்லை. ஒரு பொய்க்கு அக்காவின் மனசு ஆறிவிடும்.

"ஆமாக்கா" என்றார்.

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். நிறுத்தத்தில் இறங்கியபோது குப்பைமேடு எரிந்துகொண்டிருந்தது. இருவரும் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தெருவின் ஆளுக்கொரு ஓரமாக வீட்டுக்கு நடந்தார்கள்.