வெள்ளைச் சோறு

பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர் என் மகளிடம் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். எடை குறைவு, வாயோரத்தில் புண், சத்தான ஆகாரம் தேவை. அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஆனால் அன்று அதை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லத் தெரியாது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோதும் சீட்டு கையில்தான் இருந்தது.

எங்களுக்கு ஒரே பிள்ளை, ஏழு வயது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். எந்த ஆகாரத்தில் என்ன சத்து என்று மனையியல் பரீட்சையில் அட்டவணை போட்டு எழுதியவள். என் வீட்டுப் பிள்ளைக்கே ஆகாரம் போதவில்லை என்று ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டாரே என்றிருந்தது.

முதலில் எடை எவ்வளவு என்று தெரிய வேண்டும். சீட்டில் அது இல்லை. கோவில்பட்டியில் என் கணவர் கணக்கெழுதிய, பருத்திப் பொதி அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் பெரிய தராசு இருந்தது. பிள்ளையை எடை போட்டால் கண் படும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் போட மாட்டார்கள். அவரும் தயங்கினார். நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பஞ்சுப் பொதி ஏற்றும் தட்டில் உட்கார வைத்தேன்.

"தாயி, எங்க வெறுஞ்சாக்கு இதவிடக் கனக்குமே!" என்றார் எடை போடுகிறவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். முப்பத்தாறு ராத்தல், இன்றைய கணக்கில் பதினாறு கிலோ. வீட்டுக்கு வந்ததும் அடுப்புச் சாம்பலை எடுத்து அவள் நெற்றியில் இட்டேன். படித்தவள் செய்கிற காரியமா என்று உடனே துடைத்தேன். பிறகு மறுபடியும் இட்டேன்.

அன்று முதல் அட்டவணைப்படி நடந்தது. காலையில் பால், ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை. மதியத்துக்குத் தூக்குச்சட்டியில் தயிர்ச்சோறு. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மதியச் சாப்பாட்டுத் திட்டம் அப்போது வந்திருக்கவில்லை. பிள்ளைகள் வீட்டிலிருந்துதான் கொண்டுபோனார்கள். அரிசி விஷயத்தில் நான் குறை வைக்கவில்லை. மில்லில் இரண்டு தடவை தீட்டிய பச்சரிசி, மல்லிகைப்பூ மாதிரி இருக்கும். கழுவுகிற தண்ணீர் தெளிகிற வரைக்கும் ஐந்தாறு தண்ணீர் கழுவி, கஞ்சியை ஒட்ட வடித்துவிடுவேன். கழுநீரும் கஞ்சியும் பக்கத்து வீட்டு எருமைக்குப் போகும்.

"எஸ்.எஸ்.எல்.சி. அம்மா வீட்டுக் கஞ்சியக் குடிச்சு எங்க எருமைக்கு உடம்பு மினுமினுங்கு! அதுக்கும் ஒரு பரீட்ச வைங்க, பாஸாயிரும்" என்பார் பக்கத்து வீட்டு மைனி. கேலிதானே என்று சிரித்துவிட்டு வாளியை நீட்டுவேன்.

இரண்டு மாதத்தில் மகளின் வாயோரப் புண் ஆறியது. மறுபடி தராசில் வைத்தோம். ஒன்றரை ராத்தல் கூடியிருந்தது. முட்டையும் பாலும் வேலை செய்கின்றன என்று கணவரிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பேன்.

அந்த வாரமே, தூக்குச்சட்டி மூடியின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் எதுவோ ஒட்டியிருந்தது. கம்பஞ்சோறு. எங்கள் வீட்டில் கம்பு சமைப்பதே இல்லை.

"ஏட்டி, இது எங்கன வந்துச்சு?"

அவள் தரையைப் பார்த்தாள். வேறு எதுவும் கேட்கத் தைரியம் வரவில்லை. மறுநாள் மதிய மணி அடிக்கும் நேரத்துக்குப் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன்.

வேப்பமரத்தடியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் கையில் கம்பஞ்சோற்று உருண்டை, கூடக் காணத் துவையல், கொள்ளை வறுத்து அரைத்தது. எதிரே இருந்தவள் என் தயிர்ச்சோற்றை ஒரு பருக்கைகூடச் சிந்தாமல் தின்றுகொண்டிருந்தாள். தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டும் வேலை பார்க்கும் ஒருத்தியின் மகள், இவளோடு ஒரே வகுப்பு.

"எத்தன நாளா இப்படி?"

"ரெண்டு மாசமா, அத்த" என்று அந்தப் பிள்ளைதான் பதில் சொன்னாள். "இவளுக்குத் துவையல் பிடிக்கும். எனக்கு நெல்லுச்சோறு பிடிக்கும். மாத்தித் திங்குதோம். அடிச்சிராதீங்க."

அவள் பேசியபோதுதான் கவனித்தேன். உதட்டின் இரண்டு ஓரமும் வெடித்துச் சிவந்திருந்தன. என் மகளுக்கு எங்கே இருந்ததோ அதே இடம்.

வீட்டுக்கு நடந்த நடையில் கால் வேகமாகப் போனது, மனம் எங்கும் போகவில்லை. என் பிள்ளைக்கு ஆறியது முட்டையாலா, அந்தக் கம்பாலா? அவளுக்கு வந்தது என் சோற்றாலா? தீட்டித் தவிடு போக்கி, கழுவி, கஞ்சியையும் வடித்தபின் அதில் மிச்சம் என்ன? பரீட்சையில் இதையும் எழுதியிருக்கிறேன். எழுதியதை ஒருநாளும் அடுப்புப் பக்கம் கொண்டுபோனதில்லை.

சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் நின்றேன். அந்தத் தாய் விரலெல்லாம் பசையோடு வெளியே வந்தாள். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

"எம்மக நெல்லுச்சோறு திங்குதான்னு நான் சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தேன் தாயி. எங்க வீட்டுல பொங்கலுக்கும் தீவாளிக்கும்தான் அது. குடுக்க மனசில்லைன்னா மனசில்லைன்னு சொல்லிருங்க. அதுல சத்தில்ல கித்தில்லன்னு எதுக்குச் சுத்தி வளைக்கீங்க?"

"மனசில்லாம இல்லக்கா. அவ வாயப் பாத்தீங்களா?"

"வேக்காடுன்னு நெனச்சேன்." பசை விரலைச் சேலையில் துடைத்தாள். "அப்ப நெல்லுச்சோறு வேண்டாங்கீங்களா?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? தினம் நெல்லுச்சோறு தின்கிற நான், ஆசைப்படுகிற பிள்ளையிடம் போய் உனக்குக் கம்புதான் நல்லது என்று சொல்வதா? "சோறு நான் குடுக்கேன். வேற மாதிரி ஆக்கிக் குடுக்கேன்" என்றேன். சொன்ன பிறகுதான், எப்படி ஆக்கப்போகிறோம் என்று யோசித்தேன்.

கைக்குத்தல் அரிசி வாங்கினேன். ஒரே தண்ணீரில் கழுவி, பாசிப்பருப்பும் முருங்கைக்கீரையும் போட்டு, கஞ்சி வடிக்காமல் குழைய விட்டேன். சிவப்பும் பச்சையுமாக, பார்க்க நன்றாக இல்லை. கணவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மதியம் நானே கொண்டுபோனேன்.

அந்தப் பிள்ளை மூடியைத் திறந்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"வெள்ளச் சோறு இல்லியா அத்த?"

"இது அதவிட நல்லாருக்கும்" என்றேன். அது நிச்சயமாகத் தெரிந்து சொன்னதில்லை.

என் மகள் பாதிக் கம்பு உருண்டையை வாயில் வைத்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பிள்ளை ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். சூடு உதட்டோரத்தில் பட்டு எரிந்திருக்க வேண்டும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு ஊதி ஊதி இன்னொரு கை. மணி அடிக்கும் வரைக்கும் நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.