பெட்டியில் வைத்த ஈரப் பூ

மல்லிகைச் சரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து, கடிதத்தில் மை கலங்கியதைத்தான் முதலில் பார்த்தேன்.

இன்று யூனிவர்சிட்டி ஆண்டு விழா. மாணவர்கள் எழுதிய கடிதங்களைச் செப்புப் பெட்டியில் வைத்துப் புதைக்கிறார்கள். ஐம்பது வருஷம் கழித்துத்தான் திறப்பார்களாம். விழாவுக்காக நான் கட்டிக் கொண்டுபோன பூவையும், மங்களமாக இருக்கட்டும் என்று அங்கே வேலை பார்க்கும் கிளார்க் மாமா அதற்குள் வைத்துவிட்டார்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் கை பட்ட பூவும் ஐம்பது வருஷம் அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கும்.

“மாமா, அது ஈரப் பூ. மூடினா கடுதாசியெல்லாம் பூசணம் பிடிச்சுடும்.”

“ஏழாம் கிளாஸோட நின்னவ காலேஜுக்கே கிளாஸ் எடுக்கறாளே!” என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

நனைந்த கடிதத்தை எழுதிய மாணவி மட்டும் சிரிக்கவில்லை. “ஆ குட்டி பறஞ்ஞது சரியாணு, சாரே” என்று மலையாளத்தில் நான் சொன்னதுதான் சரி என்றாள்.

மாமா பூவை எடுத்து என்னிடமே நீட்டினார்.

அதைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகக் கரமனை பஸ் ஏறினேன்.