சுவரை விட்டு முப்பது அடி

காப்பிச் செடி கவாத்து முடிந்ததும், வெட்டிய கட்டைகளைக் கிளியூர்ப் பக்கத்து எங்கள் எஸ்டேட் தொழிலாளர் லைனில் எல்லோரும் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் அடுக்குவோம். பனியில் நனையாது, கைக்கும் எட்டும். ஜெயகுமாரி அக்கா மட்டும் முப்பது அடி தள்ளி, கல் மேல் பலகை போட்டு அடுக்குவார்.

மூன்று வருடத்துக்கு முன் அவர் வீட்டுச் சுவரோரக் கட்டைக்குள் இருந்த விரியன், அவர் நாய் டைகரைக் கடித்தது. பச்சிலைச் சாறு கொடுத்தால் சரியாகிவிடும் என்றோம். மறுநாள் டைகர் செத்துப்போனது. பச்சிலை போதும் என்றவர்களில் நானும் ஒருவன். பெயர் ரொனால்ட், எஸ்டேட் ஜீப் டிரைவர்.

அதற்குப் பிறகு வந்த சீசரை அக்கா கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். நாய் தின்ற மிச்சச் சோற்றுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும் என்று தட்டை உடனே கழுவிவிடுவார். வாசலில் புல் முளைக்க விடமாட்டார். கதவில் சேலம் மாட்டாஸ்பத்திரி நம்பரைச் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்.

"அக்கா, நாய்க்கு நீங்க செக்யூரிட்டியா?" என்பேன்.

"சிரிங்க தம்பி. பல்லு நல்லாத்தான் இருக்குது."

போன ஜனவரி, காப்பிப் பழம் பறிப்பு நாள், மதியம். எலியைத் துரத்திய சீசர் நேராக என் வீட்டுக் கட்டைக்குள் மூக்கை விட்டது. ஒரே அலறல். கண்ணாடி விரியன் ஒன்று உள்ளே நழுவியதை நானே பார்த்தேன். நாயின் முகம் வீங்கத் தொடங்கியது.

"அக்கா, பச்சிலை..." என்று வாயைத் திறந்தேன்.

"பேசாம வண்டிய எடுங்க!"

சீசரை ஓரடி நடக்க விடவில்லை. சாக்கில் சுற்றி, இருபது கிலோவைத் தானே தூக்கி ஜீப்பில் ஏறினார். போனில் ஒரே பேச்சு: "விஷமுறிவு மருந்து இருக்குதுங்களா? நாய்க்குங்க. வந்துட்டே இருக்கறமுங்க." மாதாமாதம் இதே கேள்வியைக் கேட்டு வைத்திருந்தாராம். அதுவரை எனக்குத் தெரியாது.

இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கும்வரை, "கண்ணு, சாமி, என்னப் பாரு" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டாததுதான் எனக்கு வலித்தது.

ஊசி போட்ட டாக்டர், "நடக்க விடாம தூக்கிட்டு, நேரத்தோட வந்தீங்க. பொழச்சுக்கும்மா" என்றார்.

ஐந்தாம் நாள் வீடு திரும்பியபோது சீசர் ஜீப்பிலிருந்து தானே குதித்தது. லைனே கைதட்டியது. அக்கா எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதார். சீசர் நேராக என் கட்டையைப் பார்த்துக் குரைத்தது.

மறுநாள் காலை கம்பும் கையுமாகக் கட்டைகளைத் தள்ளி எடுத்து வைத்தேன். அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருபது அடியில் அடுக்கத் தொடங்கினேன்.

"இன்னும் பத்தடி தள்ளுங்க தம்பி."

பத்தடி தள்ளினேன். என் பின்னால் இன்னும் நாலு வீட்டுக்காரர்கள் தங்கள் கட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.