காட்டாமல் விட்ட படங்கள்

பட்டுப் புடவையில் தைத்த மண்மூட்டைப் பையை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் முகப்பேர் பள்ளியின் பத்தாம் வகுப்பில், ஒரு மாணவியின் பெஞ்சின் மேல். அது மண்மூட்டைப் பை என்று அப்போது எனக்குத் தெரியாது. அரக்கு நிறம், மாங்காய்க் கரை, அதிகம் கட்டாத புடவை. அதை வெட்டி, மூன்று பக்கமும் இரட்டைத் தையல் போட்டு, வாயில் நாடா கோத்திருந்தது. இவ்வளவு நல்ல புடவையை யாராவது இப்படிக் கண்டதுண்டமாக்குவார்களா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் சமூக அறிவியல் ஆசிரியை. இலங்கையின் உள்நாட்டுப் போர் எங்கள் அதிகாரப் பகிர்வுப் பாடத்தில் பெல்ஜியத்தின் கதைக்குப் பக்கத்தில் ஒரு பத்தியாக வரும். பிள்ளைகள் அதை உருப்போட்டு, பரீட்சையில் கொட்டிவிட்டு, மறந்துவிடும். கூப்பிடு தூரத்தில், நம் பேச்சைப் பேசுகிறவர்களுக்கு நடந்ததை ஐந்து மார்க்குக்கு முடித்துவிடுவதா என்று எனக்கு ஆறாது. அதனால் போன வருடம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். ‘இந்த நிமிடமே வீட்டை விட்டுக் கிளம்பு, திரும்பி வர முடியாது என்று சொன்னால் எதை எடுத்துக்கொள்வீர்கள்? வீட்டில் கேட்டு, அந்த ஒரு பொருளை நாளைக்குப் பையில் கொண்டுவாருங்கள்.’ இது பிரமாதமான யோசனை என்று ஆசிரியர் அறையில் கொஞ்சம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

மறுநாள் வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. ஆதார் அட்டை, சார்ஜர், மிக்ஸி ஜார். ஒருவன் டிவி ரிமோட்டைக் கொண்டுவந்து, ‘அப்பா இதைத்தான் விடமாட்டாரு மிஸ்’ என்றான். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அப்போதுதான் அந்தப் பெண் பட்டுப் பையை எடுத்து வைத்தாள். ‘அரிசி வாங்கவா?’ என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவள் முகம் சுண்டிவிட்டது. ‘அம்மா மிஷின்ல உக்காந்து தைச்சுக் குடுத்தாங்க மிஸ். மண்ணு அள்ளிப் போடன்னாங்க. ஏன்னு கேட்டா நாடாவக் கோத்துக் கையில குடுத்துட்டாங்க’ என்றாள்.

அவளுடைய அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். ஹவுசிங் போர்டு குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருக்கும் டெய்லர் அக்கா. என் ரவிக்கைகள் எல்லாம் அவர் கையால் ஆனவை. ‘இன்னா மிஸ், கை டைட்டா கீதா? குந்துங்க, ரெண்டு நிமிசத்துல பிரிச்சுத் தரேன்’ என்பார். தூத்துக்குடிப் பக்கம் என்று சொல்லிக்கொண்டாலும், பேச்சைக் கேட்டால் இங்கே சென்னைப் பாடியிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று சத்தியம் செய்யலாம்.

அன்று சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு, அவரே ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். புடவையைப் பற்றி நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார். அது எனக்குத் தெரிந்த டெய்லர் அக்காவின் பேச்சே இல்லை.

‘நாங்கள் வன்னி, மிஸ். செல்லடிக்குப் பதுங்கிற பங்கருக்கு மேல மண்மூட்டை அடுக்கச் சாக்கு இல்லை. கலியாணச் சீலையளைத்தான் வெட்டித் தைச்சனாங்கள். என்னட்டை மிசின் இருந்தது. அக்கம்பக்கத்துச் சீலை எல்லாம் என்னட்டைத்தான் வந்தது. மகள் வந்து அப்பிடிக் கேட்ட உடன கை தன்பாட்டுக்குத் தைச்சிட்டுது.’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை வருடம் அந்தக் கடையில் உட்கார்ந்து வெட்டிக்கதை பேசியிருக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொன்னால் வாடகைக்கு வீடு கிடைக்காது என்று பயந்து மறைத்தாராம். மகள் இங்கே வந்த பிறகு பிறந்தவள். அவளுக்கும் எதுவும் தெரியாது. அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பதுகூடத் தெரியாது. ஷெல் குண்டு விழுந்து எல்லோரும் ஓடியபோது கை நழுவிப் போனவன். எட்டு வயது. நீல நிறக் கால்சட்டை. அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர் யாருமில்லை.

‘நாளைக்குப் படம் போட்டுக் காட்டப் போறியளாம். மகள் சொன்னவள். நான் ஒருக்காப் பாக்கலாமோ?’ என்றார்.

அந்தப் படங்களில் தானே இருந்து மகள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று பயப்படுகிறார் என நினைத்தேன். மடிக்கணினியைத் திறந்து, மறுநாள் பாடத்துக்கு இணையத்தில் தேடிச் சேர்த்திருந்த படங்களைக் காட்டினேன். சாலை நிறைய மூட்டை முடிச்சுகளோடு போகும் ஜனம், தார்ப்பாய்க் கூடாரங்கள், முள்கம்பிக்குப் பின்னால் வரிசை. ஊசியில் நூல் கோக்கும்போது குனிவதுபோல் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கூட்டத்தில் ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். தன்னைத் தேடவில்லை, பிள்ளையைத் தேடுகிறார் என்று எனக்கு உறைக்கவே நேரமாயிற்று. படங்கள் முடிந்தன.

‘வேற இல்லையோ?’

இருந்தன. பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று எடுத்துவிட்டவை. அதை ஏன் சொல்லித் தொலைத்தேனோ. ‘இருக்குக்கா, ஆனா அதெல்லாம் வேணாம். செத்துக் கெடக்கிறவங்க படம்’ என்றேன்.

‘அதைக் காட்டுங்கோ’ என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். எந்த வாயால் சொல்ல? நானே பாதி மூடிய கண்ணோடு கடந்துபோன படங்களை, ஒரு தாய் ஒவ்வொன்றாக நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். சிறிய உடல் தெரிந்த இடத்தில் எல்லாம் ‘பெரிசாக்குங்கோ’ என்றார். என் விரல் தவறித் தவறி வேறு விசையில் விழுந்தது. அவர் கை மேசை மேல் அசையாமல் இருந்தது. ஓரிடத்தில் நீலத் துணி தெரிந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தார். பெரிதாக்கினேன். அது சிறுமி ஒருத்தியின் பாவாடை. நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை, அடுத்தது என்றார்.

கடைசிப் படமும் போனது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பழைய டெய்லர் அக்கா திரும்பி வந்திருந்தார். ‘இதுல இல்ல மிஸ். அப்ப எங்கியோ உசுரோட கீறான்’ என்றார். ‘நாளைக்கு நீங்க பாடத்த நடத்துங்க. அவளுக்கு இன்னிக்கு நானே சொல்லிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

இந்த வருடமும் அதே பாடம் வந்தது. அந்த வீட்டுப்பாடத்தை நான் கொடுக்கவில்லை. படங்களை மட்டும் புதிதாகத் தேடினேன். அந்தப் பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பு. போன வாரம் ரவிக்கை கொடுக்கக் கடைக்குப் போனபோது, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா என் தோளில் அளவுநாடாவை வைத்தார். தலையைத் தூக்காமல் கேட்டது மகள்தான்.

‘புதுசா எதுனா படம் கெடச்சுதா மிஸ்? அந்த மாதிரிப் படம். அண்ணன் அதுல இருக்கானா?’

‘பாத்தேம்மா. இல்ல’ என்றேன்.

இரண்டு பேர் முகத்திலும் சந்தோஷம் தெரிந்தது.