லண்டனிலிருந்து ஒன்பதே நாள்

ஆம்பூரில் ஒரு டேனரியில் இங்கிலீஷ் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் ஆட்டுத்தோலின் நாற்றம் சோற்றில்கூட ஏறியிருக்கும். அது பழகிவிட்டது. எனக்குப் பழகாதது எங்கள் மானேஜர்தான்.

விமானத் தபால் வந்த புதிது. கப்பலில் வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்த லண்டன் கடிதம், கராச்சி வரை பறந்து, அங்கிருந்து சென்னைக்குப் பறந்து, ரயிலேறி ஒன்பதே நாளில் எங்கள் கைக்கு வந்தது. மானேஜர் சுவரில் உலகப் படத்தை மாட்டி நூல் பிடித்து அளந்தார். "ஐயாயிரம் மைலுக்கு ஜாஸ்திப்பா!" என்று வருவோர் போவோர் மேலெல்லாம் வெற்றிலை எச்சில் தெறிக்கச் சொன்னார்.

அந்த வாரம் வேலூரில் என் அக்கா பிரசவமாகி, ஜன்னி கண்டு கிடந்தாள். முப்பது மைல்தான். லீவு கேட்டேன்.

"லண்டன் கடுதாசி இன்னிக்கோ நாளைக்கோ வந்துடும். படிக்க நீ இல்லன்னா பேஜாராப் பூடும். வந்ததும் போ."

தினமும் ஒரு கார்டு போடும்படி அத்தானுக்கு எழுதினேன். இரண்டு நாள் வந்தது. பிறகு நின்றுவிட்டது. உடம்பு தேறியிருக்கும், அதனால்தான் எழுதவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

ஏழாம் நாள் லண்டன் கடிதம் வந்தது. மானேஜர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூக்கில் வைத்து மோந்து பார்த்தார். எனக்குக் குமட்டியது. படித்துச் சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

காவல்காரர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கு மேலிருந்த கீற்றுக் கூரையைக் காட்டினார். ஒரு கார்டு செருகியிருந்தது. நான்கு மூலையிலும் கறுப்பு மை. சாவுக் கடிதத்தை எங்கள் பக்கம் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே படித்துக் கிழித்துப் போடுவார்கள். ஆனால் படிக்க வேண்டியவனிடம் கொடுப்பார்கள். 'நாளைப் பகல் வரை உனக்காக வைத்திருப்போம். உடனே புறப்படவும்' என்று அத்தான் எழுதியிருந்தார். அது வந்து மூன்று நாளாகியிருந்தது. தினமும் அதன் கீழேதான் நான் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். உள்ளே திரும்பிப் போய், ஏன் என்னிடம் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"சாவு கார்டை ஆபீஸுக்குள்ள கொண்டாரச் சொல்றியா? லண்டன் கடுதாசி வர்ற நேரத்துல?" என்றார் மானேஜர், கொஞ்சமும் கூசாமல். "நான்தான் அங்க சொருகச் சொன்னேன். இனி அவசரப்பட்டு இன்னா ஆவப் போவுது? பதில எழுதிட்டுப் போ. இன்னிக்கித் தபால்ல சேரலன்னா ஏரோப்ளேன் பூடும்."

அந்த மூஞ்சியில் காறித் துப்பியிருக்க வேண்டும். நான் உட்கார்ந்து எழுதினேன். தங்கள் கடிதம் ஒன்பதே நாளில் வந்து சேர்ந்ததில் மிக்க மகிழ்ச்சி என்று, அழகான இங்கிலீஷில், ஒரு பிழையும் இல்லாமல். கார்டு சட்டைப் பையில் இருந்தது.

மானேஜர் செத்துப் பல வருஷமாகிறது. அவர் மேலிருந்த அருவருப்பும் போய்விட்டது. அந்தப் பதிலை எழுதிய கையால் சோற்றைப் பிசையும்போது மட்டும் இன்னும் குமட்டுகிறது.